வெல்டிங் மருந்து

சாயங்காலச் செய்தி தொடங்கும் நேரத்தில் அப்பா கூடத்தில் தலையணையைப் போட்டு மல்லாந்து படுத்துவிடுவார். என்னைக் கூப்பிட வேண்டியதில்லை. ஐஸ்பெட்டியின் கதவுத் தட்டில், சம்பால் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருந்துக் குப்பி நிற்கும். அதை எடுத்துக்கொண்டு போய் அவர் தலைமாட்டில் மண்டி போடுவேன். "கையக் கழுவிட்டியா?" என்பார். கழுவியிருந்தாலும் இன்னொரு முறை கழுவிவிட்டு வருவேன். கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துக் குப்பியைக் கவிழ்ப்பேன். அந்தக் குளிர்ந்த சொட்டு விழும்போது அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் ஒருமுறை துள்ளும். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வரும். இடைநிலைப் பள்ளியில் படித்த காலம் முழுவதும் அது என் வேலை. அண்ணனுக்குக் கை நடுங்கும் என்று சொல்லி அப்பா என்னைத்தான் வைத்துக்கொண்டார். அந்தக் குப்பிக்கு எங்கள் வீட்டில் வெல்டிங் மருந்து என்று பெயர்.

அப்பா ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்தார். நாங்கள் ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். விடிவதற்குள் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போவார். நாளாக ஆக மோட்டார் சைக்கிளை ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரின் பின்னால் உட்கார்ந்து போகத் தொடங்கினார். "ஓரத்துல வர்ற காடி கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார். பிறகு வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீரைத் தட்டிவிட்டார். வேலையிடத்தில் அவரைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள், அப்புறம் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். யார் வந்து கேட்டாலும் ஒரே பதில்தான்: "வெல்டிங் வெளிச்சம் தின்ன கண்ணு இது." என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "நீ நல்லா படிச்சி ஏர்கோன் ரூம்ல உக்காந்து வேல பாரு. உன் கண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுலா" என்பார். மருந்து போடப் போட அவருடைய இமைமயிர் நீண்டு கறுத்து வளர்ந்தது. பொம்பளைக்கு இருக்க வேண்டிய இமை என்று அத்தைகள் கேலி செய்வார்கள், அவரும் இமையைப் படபடவென்று கொட்டிக் காட்டுவார்.

நான் படித்தேன். அவர் சொன்னபடியே செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆயிற்று, ஒரு மகன் பிறந்தான். என் மகனை அப்பா கையால் தடவித்தான் பார்த்தார், அதற்குள் அவருக்கு இரண்டு கண்ணும் முழுதாகப் போயிருந்தது. அவர் இறந்தபோது அந்தத் தொழிற்சாலையை நான் வாய் ஓயாமல் திட்டினேன். நல்ல கண்ணாடி கொடுத்திருந்தால் மனிதருக்கு இப்படி ஆகியிருக்குமா என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதேன். அம்மாவும் அண்ணனும் பக்கத்தில்தான் இருந்தார்கள். அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

சென்ற ஆண்டு ஒரு நாள் மதியம், அலுவலகத்துக்குப் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்திலிருந்து காடியைத் திருப்பும்போது இடது பக்கம் வந்த மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டேன். ஓட்டி வந்த மலாய்க்காரப் பையனுக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. "கண் தெரியலையா அக்கா? உங்களுக்கு நேராத்தானே வந்தேன்" என்று மலாயில் கேட்டான். சத்தியமாக அவன் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி விற்க மறுத்து, கண் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே ஒரு கிண்ணம் போன்ற பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெகு நேரம் எதுவும் வரவில்லை. இயந்திரம் கெட்டுப்போய்விட்டது போல என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸியிடம் சொன்னேன். மிஸி என் தலையை நேராக நிமிர்த்திவிட்டார்.

மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. கண் அழுத்த நோய் என்றார். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் கூடிக் கூடிப் பார்வை நரம்பை அரித்துவிடுமாம். வலிக்காதாம், ஓரத்திலிருந்து பார்வை குறையுமாம், போனது திரும்பாதாம். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பாவுக்குக் கண் போனது உண்மைதான், ஆனால் அது வெல்டிங்கால் வந்தது என்று விளக்கமும் கொடுத்தேன். என்ன மருந்து போட்டார் என்று கேட்டார். பெயர் தெரியாது, ஐஸ்பெட்டியில் வைப்போம், சாயங்காலம் ஒரு சொட்டு, போடப் போட இமைமயிர் நீண்டது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணுக்கு அந்த மருந்தை யாரும் போடமாட்டார்கள் என்று மிகவும் மெதுவாகச் சொன்னார். இப்போது எனக்கு எழுதித் தரப்போவதும் அதே மருந்துதானாம். பெற்றவருக்கு இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் வரும் என்று கட்டாயமில்லை, ஆனால் வர வாய்ப்பு அதிகம், இளவயதிலிருந்தே வருடா வருடம் அழுத்தம் பார்த்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு போயிருக்காது என்றார்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். என் நினைவெல்லாம் அந்தச் சாயங்காலங்களில் இருந்தது. சொட்டு போடும்போது என் முகம் அவர் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கும். நான் அவருடைய கண்ணைப் பார்ப்பேன், அவர் என்னுடைய கண்ணைப் பார்ப்பார், வேறு எங்கும் பார்க்க வழியில்லை. ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் என் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு படுத்திருந்த மனிதர், அதற்குள் என்ன வரக்கூடும் என்று தெரிந்துகொண்டே படுத்திருந்தார். என்னைப் படிக்க வைத்தார், காய்ச்சல் வந்தால் தூங்காமல் விசிறினார், எல்லாம் உண்மை. அதெல்லாம் உண்மையாக இருப்பதால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எதிரி செய்திருந்தால் ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அம்மாவிடம் போனேன். பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டதும் மறுக்கக்கூட இல்லை. "தெரியும். டாக்டர் அப்பவே சொன்னாரு, பிள்ளைங்களையும் கொண்டாந்து காட்டுங்கன்னு. உங்க தாத்தாவுக்கும் இதே சீக்குதான்" என்றாள். நான் பார்த்திராத அந்தத் தாத்தா தோட்டத்தில் இருந்தவர். ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் தெறித்து அவருக்குக் கண் போனதாகத்தான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். எங்கள் வம்சமே இப்படித்தான் போல. உழைத்துக் கண் போனது என்றால் தலை நிமிர்ந்து சொல்லலாம். ரத்தத்தில் வந்தது என்றால் சம்பந்தம் பேச யாரும் படி ஏறமாட்டார்கள்.

"சொன்னா உன்ன எவன் கட்டுவான்?" என்றாள் அம்மா.

"அதான் கட்டிட்டாரே. அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"அதுக்கப்புறம் சொன்னா, ஏமாத்திக் கட்டி வச்சிட்டாங்கன்னு மாப்பிள வீட்டுல பேச மாட்டாங்களா?" காயை நறுக்குவதை அவள் நிறுத்தவே இல்லை. "யாரும் கேட்டா இனிப்பு நீருன்னு சொல்லிடு. கண்ணுல எறங்கிருச்சின்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அதுவும் சரிதான். நம் ஆட்களிடம் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை, கௌரவமான வியாதி. இல்லாத வீடு எது?

என் மகனை அந்த வாரமே கொண்டுபோய்க் காட்டினேன். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடா வருடம் வர வேண்டும் என்றார்கள். அடுத்து எனக்கு அண்ணன் நினைவுதான். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு அவரை வரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி, "நீங்க உடனே போயிப் பாக்கணும்ணே" என்றேன். அண்ணன் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"பள்ளிக்கூடத்துல படிவம் அஞ்சு முடிச்சதுலேர்ந்து. அப்பாதான் கூட்டிட்டுப் போவாரு."

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அவர் இமைமயிர் நீண்டு கறுத்திருந்தது. என் பள்ளி விடுமுறையில் அப்பாவும் அண்ணனும் மட்டும் வெளியே கிளம்புவார்கள். லைசென்ஸ் விஷயம், வேலை விஷயம் என்று ஏதாவது சொல்வார்கள். என்னையும் கூட்டிப் போங்கள் என்று அடம் பிடித்தால், வரும்போது மீ கோரெங் பொட்டலம் வாங்கி வந்து என்னைச் சமாதானப்படுத்துவார்கள். மகனுடைய கண்ணைக் காப்பாற்றிய கையோடு மகளுக்கு மீ கோரெங் வாங்கி வந்திருக்கிறார் என் அப்பா. அதை நான் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

"என்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"அப்பா வேணான்னாரு. நீ பொண்ணு, கட்டிக்கிட்டு வெளிய போற பிள்ள. விஷயம் வெளிய போயிட்டா என்னா பண்றது?"

"அப்பா போயிட்டாரு. இப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணிக்கே தெரியாதாம். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் காய்ந்துவிடுகிறது, அதற்குத்தான் சொட்டு மருந்து என்று சொல்லி வைத்திருக்கிறாராம். தாத்தாவுக்கு ஆசிட், அப்பாவுக்கு வெல்டிங், இவருக்குக் கம்ப்யூட்டர். "உங்க மகளுக்குப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு இப்பத்தான் நல்ல எடம் ஒண்ணு பேசிக்கிட்டிருக்கோம். முடியட்டும், நான் பாத்துக்கிறேன். நீ வாயத் தெறக்காத." கடைக்காரர் எங்கள் மேசையைத் துடைக்க வந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் அன்று நானும் முடிவு செய்தேன். அவர் மகள், அவர் பாடு என்று நினைத்தேன்.

அப்பாவுக்குப் படையல் போடும் நாள் வந்தது. அம்மா வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். ஆட்டுக்கறி, பொரித்த மீன், அப்பாவுக்குப் பிடித்த கருப்பு பீர் ஒரு போத்தல், எல்லாம் படத்துக்கு முன்னால் இருந்தது. ஏன் வாடகைக் காடியில் வந்தாய், உன் காடி எங்கே என்று ஓர் அத்தை என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "அவளுக்கு இனிப்பு நீர். கண்ணுல எறங்கிருச்சி" என்றாள். ஆளாளுக்கு உச்சுக்கொட்டி, பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார்கள். அண்ணன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே என்னோடு ஒட்டிக்கொள்கிற பிள்ளை.

"அத்த, உங்களுக்கும் லைட்ட சுத்தி வட்டமா தெரியுமா?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியுதா?"

"கொஞ்ச நாளாத் தெரியுது. அப்பாகிட்ட சொன்னேன். எப்பப் பாத்தாலும் ஹேண்ட்போனையே பாத்துக்கிட்டிருந்தா அப்படித்தான் இருக்கும்னு ஏசுறாரு."

அண்ணன் எதிரில்தான் இருந்தார். அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இருந்திருந்தால் ஒருவேளை நான் அடங்கியிருப்பேன். கெஞ்சல்தான் இருந்தது. அப்பாவும் இப்படித்தான் யாரிடமோ கெஞ்சி என்னிடமிருந்து மறைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. "அது ஹேண்ட்போனால இல்லடா" என்றேன். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இருந்தது, எனக்கு வந்திருக்கிறது, இனிப்பு நீர் இல்லை, இந்த வீட்டு ரத்தத்தில் வருவது, பிள்ளைகளையெல்லாம் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று சொன்னேன். அண்ணன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு மரியாதை மிச்சம் வைத்தேன். அம்மா, "உங்கப்பா படத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு என்னா பேச்சு பேசுற" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவள், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அண்ணன் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கூடப் பிறந்தவளே துரோகம் செய்துவிட்டாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வருகிறாராம். அந்தச் சொல் அவருக்கு அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணன் மகள் மட்டும், "எப்ப போலாம் அத்த?" என்று ஒரு செய்தி அனுப்பினாள்.

போன மாதம் அவளை அதே மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அழுத்தம் அதிகமாகத்தான் இருந்தது, ஆனால் நரம்பு இன்னும் கெடவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் மருத்துவர். மருந்தை எழுதிக்கொண்டே, சாயங்காலம் ஒரு சொட்டு, ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும், இமைமயிர் நீளும், பயப்படாதே என்று அவளுக்குச் சொன்னார். அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தோம். மருந்து வாங்கப் பெயர் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும்.

"அத்த, எங்க வீட்டு ஐஸ்பெட்டியிலயும் ஒண்ணு இருக்கு. அப்பாவோடது" என்றாள். என் பக்கம் திரும்பி, "எனக்கும் வரலாம்னு அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள், அப்பாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். எங்கள் வீட்டில் எல்லோரும் அன்பினால்தான் இதைச் செய்தார்கள். அந்த அன்பு என் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியும்" என்றேன்.

அவள் அழவில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து மருந்தை வாங்கப் போனாள்.