அலமாரிக்குள் மூன்று ராணிகள்

ஹாஜராவிடம் "அப்படித்தான் சொல்றாங்க" என்று ஒரு பேச்சை முடித்துவிட்டுத் தப்பிப் போனவர் கிடையாது. ஜாலான் டத்தோ கிராமாட்டில் ஒரு மருந்துக்கடையில் அவள் மருந்தாளர். பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமாமே என்று யாராவது கேட்டு வந்தால் போதும், கைவேலையை அப்படியே வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கிவிடுவாள்.

"யாரு சொன்னா?"

"வாட்ஸ்அப்புல வந்துச்சுக்கா."

"வாட்ஸ்அப்பு எந்த யூனிவர்சிட்டில படிச்சிச்சு? சாறக் குடிச்சிட்டுக் கால எடுத்தவங்க பேரெல்லாம் அதுல இருந்துச்சா?"

இந்தக் குணத்தோடுதான் அவள் எறும்பு வளர்க்கவும் வந்தாள். மழைக்குப் பின் தெருவிளக்கடியில் சிறகுதிர்த்து அலையும் ராணி எறும்பைப் பிடித்து, கண்ணாடிக் குழாயில் விட்டு, அது முட்டையிட்டு ஒரு குடியை உண்டாக்குவதைப் பார்ப்பது. அவ்வளவுதான் பொழுதுபோக்கு. அவள் கணவன் சீனி முகம்மது சூலியா தெருப் பக்கம் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்துகிறான்.

"கடையில நான் எறும்புக்கு மருந்து வைக்கிறேன், வீட்டுல நீ சீனித்தண்ணி வைக்கிற. என் பேரு வேற சீனி. நான் தூங்குறப்ப மூடியாச்சும் வையிலா" என்பான்.

எறும்பு வளர்ப்பவர்களுக்கு டெலிகிராமில் ஒரு குழு இருந்தது. தமிழும் மலாயும் கலந்து பேசும் சில நூறு பேர். ஹாஜரா சேர்ந்த புதிதில் அது ஒரு வதந்திச் சந்தை. ராணிக்குத் தேன் ஊட்டு என்பான் ஒருவன், பூண்டு வை என்பான் இன்னொருவன். பொய் சொன்னவனுக்கு ஒரு நட்டமும் இல்லை. நம்பிய புதியவனின் குழாயில்தான் ராணி செத்துக் கிடக்கும். இந்த அநியாயம் அவளுக்குப் பொறுக்கவில்லை. குழுவின் பொறுப்பு கைக்கு வந்ததும் ஒரே ஒரு விதி போட்டாள்: படம் இல்லாத பேச்சுக்கு இங்கே இடமில்லை. ராணியைப் பற்றி எதைச் சொன்னாலும் அன்றன்றைக்கு எடுத்த படத்தோடு சொல்ல வேண்டும். வதந்திகள் ஓடிப்போயின. குழு அவளுக்கு 'காக் புக்தி' என்று பெயர் வைத்தது. சான்று அக்கா என்று அர்த்தம். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

இந்த ஆண்டு ஏப்ரல் மழையில் கட்டெறும்பு ராணிகள் ஏராளமாகப் பறந்தன. குழுவில் பாதிப் பேர் கையில் குழாய். ராணி முட்டையிட்டது, படம் வந்தது, வாழ்த்து பறந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள்: முட்டையைக் காணோம். ராணியே தின்றுவிட்டது.

குழாய்த் தண்ணீரில் குளோரின் என்றார்கள், பஞ்சு சரியில்லை என்றார்கள். எறும்புச் சாமான் விற்கும் ஷஃபீக் மட்டும் தெளிவாகச் சொன்னான்: சத்துக் குறைவு. அவனிடம் ராணிக்கென்றே ஒரு சொட்டு மருந்து இருந்தது. புதியவர்களுக்கான குறிப்பில் அதைச் சேர்த்துவிடலாம், ஓட்டெடுப்பு வையுங்கள் என்று கேட்டான். பலர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

ஹாஜராவுக்கு இரத்தம் கொதித்தது. ராணி தன் சிறகுத் தசையைக் கரைத்தே முதல் பிள்ளைகளை வளர்த்துவிடும், அந்த முதல் மாதத்தில் அதற்குத் தீனியே வேண்டாம் என்பது அவள் படித்தறிந்தது. பிறகு ஏன் முட்டை காணாமல் போகிறது? பதில் கிடைக்கட்டும் என்று, எல்லாரும் தினமும் படம் அனுப்புங்கள் என்று உத்தரவிட்டாள்.

அப்போதுதான் கார்த்திகன் ஒரு செய்தி போட்டான். பட்டர்வொர்த்தில் கணக்காய்வாளன், யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை. முந்தைய மழையில் பிடித்த ராணியைச் செருப்பு அலமாரிக்குள் வைத்துவிட்டு வேலையாக ஈப்போவுக்குப் போனானாம். திரும்பி வந்து பார்த்தால் குழாயில் வேலைக்கார எறும்புகள் ஓடுகின்றனவாம்.

"நடுவுல எடுத்த முட்டைப் படம் எங்க?" என்று கேட்டாள் ஹாஜரா.

"எடுக்கேல்லை அக்கா. எடுக்காததாலதான் வந்ததெண்டு நினைக்கிறன்."

குழு சிரித்தது. பேயைக் கூடத்தான் யாரும் படம் எடுத்ததில்லை என்றான் ஒருவன். ஹாஜரா விதிப்படி அந்தச் செய்தியை அழித்தாள். கார்த்திகன் குழுவைவிட்டு விலகினான்.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸுல்கிஃப்லியின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். குழுவிலேயே விதியை அவனைப்போல் மதித்தவர் இல்லை. விடியலில் பஜ்ரு தொழுது ஒரு படம், இரவில் இஷா தொழுது ஒரு படம், அதுவும் ஃப்ளாஷ் போட்டு. இரண்டு ராணிகளின் முட்டைகளையும் இழந்தவன் அவன்தான். படங்களை வரிசையாகத் தள்ளினாள். முதலில் முட்டைக் குவியலின் மேல் ராணி அமைதியாக இருந்தது. அடுத்ததில் முட்டையைக் கவ்விக்கொண்டு குழாயின் மறுகோடியில். அதற்கடுத்ததில் பஞ்சோடு பஞ்சாக ஒட்டிக்கொண்டு. ஒவ்வொரு படத்திலும் அது வெளிச்சத்தைவிட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்தாள். படம் அனுப்பாதவனிடம் எறும்பு இருக்கிறது. தினமும் அனுப்பியவனிடம் இல்லை. அவள் கேட்ட சான்றே ராணியைத் துரத்தியிருக்கிறது என்றுதான் தோன்றியது.

ஆனால் தோன்றுவது சான்றாகுமா? இப்போது படம் வேண்டாம் என்று சொன்னால் ஷஃபீக் விடுவானா? தோற்றுப்போனதும் சாட்சியை ஒளிக்கிறாள் என்பான். அப்புறம் காக் புக்தி சொல்லும் எதை யார் நம்புவார்கள்? சொல்லாமல் இருந்தாலோ, விளக்கடியில் பிடிபட்ட ராணிகளெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விடும். ஓட்டெடுப்பை ஒரு மாதம் தள்ளிவைத்தாள். அதுவரை தினப்படம் கட்டாயமில்லை என்று மட்டும் எழுதினாள். தன்னிடம் புதிதாய் முட்டையிட்டிருந்த ஆறு ராணிகளில் மூன்றை மேசைமேல் வைத்து முன்போலவே தினமும் படமெடுத்தாள். மூன்றை உடுப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா நான் என்னத்தப் போட்டுக்கிட்டு ஜும்மாவுக்குப் போறது?" என்றான் சீனி முகம்மது.

"லைட்டுப் போடாம, சத்தமில்லாம, தடவி எடுத்துக்கங்க."

"தடவி எடுத்தா உன் பாஜு கூரோங் அங்கிதான் கையில வரும். இமாம் மயக்கம் போட்டு விழுந்துருவாரு."

அன்றே அவன் உடுப்பெல்லாம் நாற்காலிக்குக் குடிபெயர்ந்தது.

கார்த்திகனுக்கும் போன் செய்தாள்.

"ஹாஜரா பேசுறேன் தம்பி."

"தெரியுது அக்கா. படம் இல்லாமல் கதைக்கலாமோ?"

"நீங்க சொன்னத அழிச்சது தப்பு. ஆனா சொன்னது சரியான்னு இன்னும் எனக்குத் தெரியல. பாத்துட்டுச் சொல்றேன்."

அவன் சிரித்துவிட்டான். "மன்னிப்பும் பாதிதான் தருவியளோ?"

"மீதி அலமாரியில இருக்குலா."

கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவேன் என்று நாற்பத்திரண்டு வயதுவரை வாழ்ந்தவளுக்கு, பார்க்காமல் இருப்பது நோன்பைவிடக் கடினமாக இருந்தது. அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் கை அரிக்கும். மேசைமேல் இருந்தவையோ அவள் கண்முன்னேயே குலைந்தன. ஒன்று முதல் வாரத்திலேயே முட்டைகளைத் தின்று முடித்தது. போனை நீட்டும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கதவைத் திறந்தாள். ஒரு குழாயில் பஞ்சில் பூஞ்சை பிடித்து ராணி செத்திருந்தது. மற்ற இரண்டிலும், ராணியின் காலடியில், வெளிறிய குட்டி வேலைக்காரர்கள் தடுமாறி நடந்துகொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த மூன்றில் ஒன்றிடம் மட்டும் ஒரே ஒரு கூட்டுப்புழு மிஞ்சியிருந்தது.

செத்ததையும் சேர்த்தே குழுவில் எழுதினாள். முதல் வரி: 'இதைச் சொன்னவர் கார்த்திகன். அழித்தவள் நான்.'

முதலில் ஸுல்கிஃப்லிதான் கேட்டான். "அக்கா, அப்ப என் ராணிங்கள நான்தான் கெடுத்தேனா?"

"இல்ல தம்பி. நான் போட்ட ரூல் கெடுத்துச்சு. நீங்க அத நம்புனீங்க."

ஷஃபீக் விடவில்லை. "ஆறே ஆறு ராணி! இது ஒரு புக்தியா? படம் உங்களுக்கு எதிராப் போனதும் படமே வேணாமா?"

ஹாஜரா தட்டச்சு செய்யத் தொடங்கி, கோபத்தில் எழுதியதை அழித்துவிட்டு, மறுபடி எழுதினாள். "ஆறு பத்தாதுன்னு ஷஃபீக் சொல்றது சரி. ரெண்டு ராணி வச்சிருக்கிறவங்க ஒண்ண இருட்டுல வைங்க, ஒரு மாசம் கழிச்சு வந்து சொல்லுங்க. செத்தாலும் சொல்லணும். ஷஃபீக்கோட மருந்தையும் அதே மாதிரி பாப்போம். ரெண்டு குழாயும் இருட்டுல, ஒண்ணுக்கு மட்டும் சொட்டு."

"யாவாரத்தக் கெடுக்காதீங்கக்கா."

"மருந்து நல்லதுன்னா யாவாரம் எப்படித் தம்பி கெடும்?"

புதியவர்களுக்கான குறிப்பில் சொட்டு மருந்து ஏறவில்லை. அடுத்த மழை வந்தது, ராணிகள் வந்தன. முட்டை கண்ட அன்று ஒரு படம், அதோடு சரி. பிறகு குழு அடங்கிப்போனது.

"என்னாலா, உன் குரூப்பு செத்துப்போச்சா?" என்றான் சீனி முகம்மது.

"எல்லாரும் பாக்காம இருக்காங்க."

"நெசமாவே பாக்காமத்தான் இருக்காங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவன் அதிகம் கேட்டதில்லை. "மாசம் முடியட்டும். வந்து சொல்லுவாங்க."