ஊக்கு குத்திய நீலச் செருப்பு

இது நடந்தது. பட்டாபிராமில், ஸ்டேஷனுக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியின் இரண்டாவது மாடியில் நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள். இதெல்லாம் கட்டுக்கதை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். உத்தமனும் இப்படித்தான் பிதுக்கினான்.

பேர்தான் உத்தமன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தினமும் மின்சார ரயிலில் போய் வருவான். தன்னைத் தவிர உலகத்தில் எவனுக்கும் மூளை கிடையாது என்பது அவன் எண்ணம். கோயிலுக்குப் போகிறவன் முட்டாள், ஜோசியம் பார்க்கிறவன் முட்டாள், பேய்ப் படம் பார்த்துப் பயப்படுகிறவன் அடிமுட்டாள். கட்டின மனைவி லாவண்யாவை இந்த மூன்றிலும் சேர்த்து வைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு இருவரும் டிவியில் ஒரு படம் பார்த்தார்கள். படத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே தேடி எடுத்துப் பார்ப்பீர்கள், அப்புறம் பாத்ரூம் போகத் துணைக்கு ஆள் கேட்பீர்கள்.

அந்தப் படத்தில் பேயே கிடையாது. ஒரு வீடு, ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. தினமும் வாசலில் யாருடையதோ ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறது. முனை வீட்டைப் பார்த்தபடி. அதாவது யாரோ கழற்றிவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். இது யாருடையது என்று அவள் கேட்கிறாள். புருஷன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், "அங்க ஒண்ணுமே இல்லையே. உனக்குத்தான் அப்படித் தெரியுது." படம் முழுக்க இதேதான். கடைசியில் அவள் கேட்பதை நிறுத்திவிடுகிறாள். அதோடு படம் முடிந்துவிடுகிறது.

"இதெல்லாம் ஒரு படம்னு எடுத்துட்டு வந்துட்டானுங்க," என்று கொட்டாவி விட்டான் உத்தமன். லாவண்யா எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

ஒரு வாரம் ஆயிற்று. அவள் தேறவில்லை. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறப்பதற்கு முன்னால் குனிந்து, கதவின் அடி இடுக்கு வழியாக வாசலைப் பார்ப்பாள். அடுப்பில் குழம்பு தீய்ந்துபோகும், தெரியாது. உத்தமன் இதை ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். வீட்டிலும் சிரித்தான்.

"பேய்க்கா பயப்படற? அதுல பேயே இல்லையேடி!"

"பேய்க்கு பயப்படலீங்க," என்றாள் அவள். "அந்தப் புருஷன் பேசறது அப்படியே உங்களை மாதிரியே இருந்துச்சு. நான் எதைச் சொன்னாலும் நீங்களும் அதைத்தானே சொல்றீங்க. எனக்கு என் மேலயே நம்பிக்கை போயிடும்போல இருக்குங்க."

பெண்டாட்டி இப்படிச் சொன்னால், மனுஷனாகப் பிறந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருப்பான். நம்ம ஆளுக்கு வந்ததோ ஒரு யோசனை. நிஜமாகவே ஒரு ஜோடி செருப்பை வாசலில் போட்டால் என்ன? அவள் அலறுவாள். அதை போனில் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடலாம். தூ! இதற்குப் பேர் புத்திசாலித்தனமாம்.

ஏரிக்கரையில் ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. அதன் மதில் ஓரமாகச் செருப்புகள் குவிந்து கிடக்கும். தொலைத்தவை அல்ல, வேண்டுமென்றே விட்டவை. வீட்டில் கஷ்டத்துக்கு மேல் கஷ்டம் வந்தால் இங்கே வந்து கும்பிட்டு, காலில் கிடப்பதைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெறுங்காலோடு போய்விடுவார்கள். பிடித்த பீடை செருப்போடு போய்விடும் என்பது கணக்கு. அந்தக் குவியலில் கைவைக்க இந்தப் பக்கத்தில் திருடன்கூடத் துணிய மாட்டான்.

உத்தமன் துணிந்தான். பெண்கள் போடும் நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி மேலாகக் கிடந்தது. இடது வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. எடுத்துப் பையில் போட்டான்.

எதிரே பூக்கடை போட்டிருக்கும் புஷ்பா பதறிப்போய் எழுந்தாள்.

"அண்ணாத்தே, இன்னா பண்றே? அது பீடை உட்ட செருப்பு, அங்கியே போடு! ஏற்கெனவே ரெண்டு பேரு இத..."

"உன் பீடைய நீயே பூவோட சேத்துக் கட்டி வித்துக்கோ," என்றான் உத்தமன். அவள் சொல்ல வந்ததைக் கேட்க நிற்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். நீலச் செருப்பை முனை உள்ளே பார்க்க வாசலில் வைத்தான். போன் கேமராவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் செருகினான். பெல் அடித்தான்.

கதவு திறந்தது. லாவண்யாவின் பார்வை கீழே போனது. முகம் வெளுத்துவிட்டது.

"இது... யாரு செருப்பு?"

"எந்தச் செருப்பு? அங்க ஒண்ணுமே இல்லையே. உனக்குத்தான் அப்படித் தெரியுது."

அவள் அலறவில்லை. எதிர் வீட்டு ஆக்னஸ் டீச்சரைக் கூப்பிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் வாங்களேன். இந்த இடத்துல ஏதாவது செருப்பு தெரியுதா?"

லாவண்யாவின் முதுகுக்குப் பின்னால் நின்று உத்தமன் டீச்சருக்குக் கண்ணடித்தான். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"இல்லையேம்மா. உங்க ரெண்டு பேர் செருப்புதான் கிடக்கு."

அடேயப்பா, டீச்சர் என்னமாய் நடிக்கிறார் என்று உத்தமனுக்கு ஒரே குஷி. லாவண்யா நீலச் செருப்பை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"சரிங்க," என்றாள். உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்கவே இல்லை.

மறுநாள் காலையில் செருப்பு வாசலில் இல்லை. கதவுக்கு உள்ளே இருந்தது. இவள்தான் எடுத்து வைத்திருப்பாள், பதிலுக்கு நம்மைப் பயமுறுத்துகிறாள் போல என்று நினைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினான்.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஹால் நடுவில் இருந்தது.

அடுத்த நாள் காலையில் ஷேவிங் செய்துகொண்டிருந்தான். ஹாலில் யாரோ ரப்பர் செருப்போடு நடக்கிற சத்தம் கேட்டது. சப்பக்... சப்பக்... எட்டிப் பார்த்தான். லாவண்யா சமையலறையில் இருந்தாள். வெறுங்காலோடு இருந்தாள்.

செருப்பு இப்போது படுக்கையறை வாசலில் இருந்தது. முனை கட்டிலைப் பார்த்திருந்தது.

கன்னத்தில் சோப்பு நுரையோடு போனை எடுத்தான். அன்றைக்கு எடுத்த வீடியோவைப் போட்டான். கதவு திறக்கிறது. லாவண்யா கீழே பார்க்கிறாள். தரை தெரிகிறது. அவன் செருப்பு ஒரு ஜோடி. அவள் செருப்பு ஒரு ஜோடி.

நீலச் செருப்பு இல்லை.

எதிர் வீட்டுக்கு ஓடினான். "டீச்சர், அன்னிக்கு நான் கண்ணடிச்சதாலதானே இல்லைன்னு சொன்னீங்க?"

"நீ கண்ணடிச்சியா? நான் பார்க்கலையே தம்பி. அங்க ஒண்ணும் இல்ல, இல்லைன்னு சொன்னேன். உனக்கு என்ன ஆச்சு?"

திரும்பி ஓடிவந்தான். லாவண்யா காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு டம்ளர்.

"லாவண்யா, நான்தான்டி வெச்சேன். சும்மா விளையாட்டுக்கு. கோயில்லேர்ந்து எடுத்துட்டு வந்தேன். உனக்கு ஒண்ணும் இல்ல. நீ பார்த்தது நிஜம்..."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அவள் காபியைக் குடித்தாள். அவன் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தாள். காலி நாற்காலியைப் பார்ப்பதுபோல.

அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். எழுந்துபோய் ஃபேனைக் குறைத்தாள்.

"லாவண்யா!"

நீலச் செருப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.

அவன் பின்னாலேயே ஓடினான். கெஞ்சினான். அழுதான். ரோட்டில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொன்னவள் புஷ்பா.

லாவண்யா நேராக மதிலோரம் வந்து செருப்பைக் குவியலின் மேல் வைத்தாள். தன் செருப்பையும் கழற்றிப் பக்கத்தில் விட்டாள். புஷ்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

"இத ஒரு ஆளு எடுத்துகினு போனானே, உன் ஊட்டுக்காரராம்மா? பின்னாடி நின்னு அழுதுகினு கீறாரே, அவருதானே?"

லாவண்யா திரும்பினாள். அவன் நின்ற இடத்தை நன்றாக, நிதானமாகப் பார்த்தாள்.

"அங்க யாருமே இல்லையேக்கா. உங்களுக்குத்தான் அப்படித் தெரியுது."

வெறுங்காலோடு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தாளு வாயி மட்டும் தொறந்து தொறந்து மூடிச்சு," என்றாள் புஷ்பா. "சத்தமே வரல. அந்தப் படம் வந்ததுலேர்ந்து இத்தோட மூணு பொண்ணுங்க. மூணும் இதே ஜோடியத்தான் கொணாந்து வெச்சுதுங்க. மூணும் இதே பதிலத்தான் சொல்லிச்சுங்க."

"அப்போ அந்த ஆம்பளைங்க?" என்று கேட்டேன்.

புஷ்பா பூ கட்டுவதை நிறுத்தவில்லை. முகவாயால் மதில் பக்கம் காட்டினாள்.

நான் பார்த்தேன். அங்கே யாருமே இல்லை.

ஆக்னஸ் டீச்சரையும் கேட்டேன். லாவண்யா இப்போது நன்றாகத் தூங்குகிறாளாம். குழம்பு தீய்வதில்லையாம். எப்போதாவது சாயங்காலத்தில் பெல் அடிக்குமாம். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாரும் இல்லையே என்று சாத்திக்கொள்வாளாம்.

நீலச் செருப்பு குவியலில் மேலாகத்தான் கிடக்கிறது. இடது வாரில் ஊக்கு, பார்த்தவுடன் தெரியும். உங்கள் வீட்டிலும் படம் பார்த்துவிட்டுப் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் யாராவது இருந்தால், நீங்கள்தான் பெரிய தைரியசாலி ஆயிற்றே... போய் எடுத்து வாருங்களேன்.