கம்நொய்யின் கழுத்துக் கட்டி

வட தாய்லாந்தில் எங்கள் பாயாவ் சந்தையில் கம்நொய்யிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர் கிடையாது. சோயாவைப் புளிக்கவைத்து, வட்டமாகத் தட்டிக் காயவைத்து, சுட்டு விற்பாள். துவா நாவ் என்போம். வாடை மூக்கைத் துளைக்கும், ருசி நாக்கை விடாது.

அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலத்தில் முகம் முழுக்கக் கொப்புளத்தோடு படுத்தாள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குழி. அது எந்த வியாதியைக் காட்டிக்கொடுக்கும் என்று எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். புருஷனும் அதே எச்.ஐ.வி.யில்தான் போயிருந்தான். அவள் சுட்டதைத் தொட அப்புறம் ஆளில்லை. நன்றிகெட்ட சந்தை!

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அரியா பொறுமையாகச் சொன்னாள். இந்தக் கொப்புளம் மண்ணில் கிடக்கிற ஒரு பூஞ்சையால் வந்தது, அது எல்லார் மூச்சிலும்தான் போகிறது. உடம்பின் காவல்காரர்கள் பிடித்து விழுங்கிவிடுவார்கள். எச்.ஐ.வி. காவலைக் குறைத்துவிட்டால், விழுங்கிய காவல்காரன் வயிற்றுக்குள்ளேயே அந்தப் பூஞ்சை வேஷம் மாற்றிக் குடித்தனம் நடத்தும். முதலில் பூஞ்சைக்கு மருந்து, பிறகு காவலைக் கூட்டும் மாத்திரை. அதை ஆயுசுக்கும் விடக்கூடாது.

கொப்புளம் உதிர்ந்தது, காவல் மாத்திரை தொடங்கியது. உடம்பு தேறுகிறது என்று நினைத்த நேரத்தில் மறுபடி காய்ச்சல், கழுத்தில் முட்டை அளவு கட்டி.

அக்கா செங்தா பிடித்துக்கொண்டாள். மூங்கில் குருத்து தின்றாயா என்று ஒரே கேள்வி. நோயாளி அதைத் தின்றால் வியாதி திரும்பும் என்பது எங்கள் ஊர்ப் பத்தியம். கம்நொய் திருட்டுத்தனமாகக் குருத்துக் குழம்பு ஒரு கிண்ணம் குடித்திருந்தாள், பாவம். அன்றிலிருந்து உப்பும் சோறும்தான். கட்டியோ இன்னும் பெருத்தது. செங்தா தங்கை மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, அவளுடைய குவானைக் கூப்பிட்டாள். பயந்தால் உடம்பை விட்டு ஓடிப்போகிற உயிராவி அது. திரும்பினால்தான் ஆள் பிழைக்கும். கட்டி அதற்கும் அசையவில்லை. கடைசியில் மாத்திரையைப் பிடுங்கப் போனாள்.

"இந்த மாத்திரைதான்டி உனக்கு ஆகல. விட்டுடு."

"விட்டா சாவேன், போட்டாலும் சாவேன்னா, அரியாவைக் கேட்டுட்டே சாகிறேன்," என்று மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு கிளம்பினாள் கம்நொய்.

அரியாவிடம் முதலில் சொன்னதே குருத்து தின்ற குற்றத்தைத்தான். அவள் சிரிக்கவில்லை. கட்டியில் ஊசி போட்டு நீரெடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வரும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றாள். கம்நொய் பயந்துகொண்டேதான் விழுங்கினாள், ஆனால் ஒரு வேளையும் தவறவில்லை.

முடிவு வந்தது.

"முன்னாடி உங்க ரத்தத்தை வச்ச தட்டு பூஞ்சை முளைச்சு செக்கச்செவேல்னு ஆச்சு. இப்ப கட்டி நீர்ல ஒண்ணுமே முளைக்கலக்கா," என்றாள் அரியா.

"அப்போ இது?"

"உங்க காவல்காரங்க திரும்பிட்டாங்க. செத்துக் கிடக்கிற பூஞ்சையைக் கூட விடாம அடிக்கிறாங்க. அடிக்கிற இடம் வீங்கத்தானே செய்யும்? குருத்து மேல பழி போடாதீங்க."

கம்நொய் மணிக்கட்டு நூலைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "எங்கக்கா கூப்பிடறதுக்கு முன்னாடியே குவான் வந்துடுச்சா! வந்ததும் வராததுமா சண்டைக்கு நிக்குதே, என்னை மாதிரியே."

வீக்கத்துக்கு மருந்து கொடுத்தார்கள். கட்டி கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. அது முழுதும் வற்றும்வரை பொறுக்கவில்லை அவள். துண்டு போட்டு மறைக்காமல் கழுத்தை நிமிர்த்திச் சந்தையில் உட்கார்ந்தாள். கேட்டவர்களிடமெல்லாம், என் ஆளுங்க வீடு திரும்பியிருக்காங்க என்றாள். ஒவ்வொருவராக வந்து வாங்கத் தொடங்கினார்கள், வராமல் எங்கே போவார்கள்?

இப்போது மாத்திரைக்குப் பிறகு வீங்கிப் பயந்து வருகிறவர்களை, மருந்து கொடுத்த கையோடு அரியா இவள் கடைக்கு அனுப்புகிறாள். போன வாரம் கழுத்தில் துண்டு சுற்றிய ஒருவன் வந்து, என்ன பத்தியம் என்று மெதுவாகக் கேட்டான். கம்நொய் கட்டி வற்றிய தன் கழுத்தைக் காட்டிவிட்டு, உள்ளே இருந்த அக்காவுக்குக் குரல் கொடுத்தாள். செங்தா மூங்கில் குருத்துக் குழம்பு ஒரு கிண்ணம் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"முதல்ல மாத்திரையைப் போடு தம்பி," என்றாள் செங்தா. "அப்புறம் வயிறு நிறையச் சாப்பிடு."