மொட்டைக்காரின் சத்தம்

மொட்டைக்கார் எங்கள் வீட்டைவிட்டுப் போனது எழுபத்தைந்தாம் வருடம், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். அதை வாங்கிய பம்பாய் சேட் ஒருவர் லாரியோடு ஆட்களை அனுப்பியிருந்தார். லாரியின் பின்னால் இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்தார்கள். வந்தவர்கள் யாருக்கும் அதன் கியர் பிடிபடவில்லை. கடைசியில் அப்பாவே உட்கார்ந்து மேலே ஏற்றினார். ஏற்றிய பிறகும் சாவியைத் திருப்பி அணைக்கவில்லை. பெரிய அண்டாவில் உலை கொதித்து மூடியைத் தூக்கித் தூக்கிப் போடுவதுபோல அந்த இன்ஜினுக்கு ஒரு சத்தம். அது கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. லாரிக்காரர் கை காட்டிய பிறகுதான் அணைத்தார். இறங்கி வந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்று அம்மாவிடம் கேட்டார். அவர் மகளான எனக்கு அப்போது பதினொரு வயது.

அப்பா அருணகிரி சொந்தமாக ஒரு லாரி வைத்திருந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குப் போவார். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் அந்தக் காரை வாங்கியிருந்தார். கரும்பச்சை நிறம், இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது. அதனால் எங்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்க அதற்கு மொட்டைக்கார் என்றுதான் பெயர். அப்பா ஏரிக்கரை திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடும். அம்மா எழுந்து போய்த் தோசைக்கல்லைப் போடுவாள்.

அதை விற்றது சித்தப்பாவின் காலுக்காக. சித்தப்பா சகாதேவன் டிங்கர். அடிபட்ட வண்டிகளின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவர். அந்த மார்கழியில் ஜாக்கி நழுவி ஒரு வேன் அவருடைய வலது காலில் இறங்கிவிட்டது. காலை எடுத்துவிடலாம், இல்லையென்றால் பல ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்றார்கள் வேலூர் ஆஸ்பத்திரியில். அப்பா யாரையும் கேட்கவில்லை. சித்தப்பா கட்டையை ஊன்றிக்கொண்டு வீடு திரும்பியபோது ஷெட்டில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

பெயிண்டர் வேடியப்பன் அவருடைய கூட்டாளி. "சகாதேவன் எங்க நடக்குறான், மொட்டைக்காரு இல்ல நடக்குது" என்பான். சித்தப்பாதான் முதலில் சிரிப்பார். அப்பா இருக்கும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

பிறகு நான் படித்தேன், ஊரைவிட்டுப் போனேன். காசி, காத்மாண்டு, லடாக் என்று எங்கும் கால் தரிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். எண்பத்தைந்தில் திரும்பி வந்தபோது அப்பாவுக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது. சர்க்கரை. லாரியை விற்றுவிட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். வேலூர் ரோட்டில் போகும் வண்டி ஒவ்வொன்றையும் சத்தத்தை வைத்தே சொல்வார். ஒருநாள் ஏதோ ஒரு வண்டி கடந்தபோது சட்டென்று எழுந்து நின்று, "மொட்டைக்காரா?" என்றாராம். பக்கத்தில் இருந்த சித்தப்பா, "இல்லண்ணா, புல்லட்டு" என்று சொன்னாராம். மறுநாளே அவர் பழைய ஹெரால்டு கார் ஒன்றின் அடிச்சட்டமான சேசிஸை இழுத்து வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் பட்டறையின் பின்பக்கம் நிறுத்தினார் என்று அம்மா சொன்னாள்.

நான் பார்த்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. வீட்டில் இருந்த ஒரே போட்டோவையும் தன் ஞாபகத்தையும் வைத்துக்கொண்டு, வேப்பஞ்சட்டத்தின்மேல் தகரத்தைத் தட்டித் தட்டி வளைத்துக்கொண்டிருந்தார். பழைய காரின் இடது கதவில், அப்பா ஒருமுறை மாட்டுவண்டியில் மோதித் தகரம் உள்ளே போன டொக்கு இருந்தது. அதையும் அதே இடத்தில் சுத்தியால் அடித்து இறக்கினார்.

"ஊரே டொக்கு எடுக்கத்தான் டிங்கர்கிட்ட வருது. நீ டொக்கு போட்டுக்கினு இருக்கியே, பைத்தியமாடா நீ?" என்றான் வேடியப்பன்.

"கம்மியா பேசு. பச்சையக் கலக்கு."

"கண்ணு தெரியாதவருக்குப் பச்ச என்னா, மஞ்ச என்னா?"

"எனக்குத் தெரியுமில்ல?"

சித்தப்பாவின் எண்ணம் ஒன்றுதான். சேட் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று அண்ணன் நம்ப வேண்டும். நம்பி ஒருமுறை அதில் உட்கார வேண்டும். "கண்ணு தெரியாத மனுசன ஏமாத்துறது பாவம், தம்பி" என்றாள் அம்மா. "திருப்பிக் குடுக்குறது எப்பிடி அண்ணி ஏமாத்துறதாவும்?" என்றார் அவர்.

இன்ஜின்தான் கிடைக்கவில்லை. மெட்ராஸில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கடை கடையாகக் கேட்டும் அந்த ஜாதி இன்ஜின் இல்லை. அந்தச் சத்தத்துக்காகப் பழைய இன்ஜினையாவது தர முடியுமா என்று சேட்டுக்கு என்னை இங்கிலீஷில் எழுதச் சொன்னார். பதில் வரவில்லை. கடைசியில் விபத்தில் நொறுங்கிய ஒரு மாருதி வேனின் இன்ஜினை வாங்கி வைத்தார். புது இன்ஜின், தொட்டதும் கிளம்பியது. ஆனால் தையல் மிஷின் ஓடுவதுபோல மெல்லிய சத்தம். சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு உடனே அணைத்தார்.

எண்பத்தாறு ஆவணியில் ஒருநாள் காலையில் சித்தப்பாவும் வேடியப்பனும் காரை ஏரிக்கரை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். சேட் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று அப்பாவிடம் சித்தப்பா சொல்லியிருந்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்து நடத்திப் போனேன். கதவைத் தொட்டதும் அவர் விரல்கள் நேராக டொக்குக்குப் போயின. அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

"சேட்டு இத எடுக்கவே இல்லியாடா?"

"இல்லண்ணா."

"சோம்பேறி."

ஏறி உட்கார்ந்தார். சித்தப்பா பிரேக்கை விட்டார். இன்ஜின் ஓடவில்லை; மேட்டிலிருந்து வண்டி தானாக உருண்டது. லாரிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இறக்கத்தில் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுவார்கள். அப்பாவும் அப்படித்தான் ஓட்டுவார். சித்தப்பா அதைத்தான் நம்பியிருந்தார்.

"இன்னாடா, பெட்ரோல் மிச்சம் புடிக்கிறியா?"

"யாரு கத்துக் குடுத்தது?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். கண் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. காற்று அவருடைய தலைமுடியைப் பின்னால் தள்ளியது. நானும் வேடியப்பனும் பின்னால் ஓடினோம். அடிவாரத்தில் புளியமரத்தருகே வண்டி தானாக நின்றது. இறக்கிக் கூட்டிப் போவதற்காக நான் கதவைத் திறந்தேன்.

"இரும்மா" என்றார் அப்பா என்னிடம். "ஸ்டார்ட் பண்ணுடா. ரோடு மேட்டுல எப்பிடி ஏறுதுனு பாக்கலாம்."

"போதும்ணா. வெயில் ஜாஸ்தி ஆவுது."

"பண்ணுடான்னா."

சித்தப்பா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. சாவியைத் திருப்பினார். மெல்லிய அந்தச் சத்தம் கிளம்பியது. அப்பா முன்பலகையில் உள்ளங்கையை வைத்தார். சிரிப்பு முகத்திலிருந்து போக நேரமானது.

"ஏது இந்த இன்ஜின்?"

"மாருதிண்ணா."

"பாடி?"

"நான் தட்டுனது."

"டொக்கு?"

சித்தப்பா சாவியின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"வருசக் கணக்கா பட்டறையில தட்டுற சத்தம் கேக்குதே, எந்த லாரிடா இவ்ளோ நசுங்கிப் போச்சுனு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் அப்பா. கோபம் இல்லை. பிறகு, "பாப்பா கதவத் தொறந்துச்சே, அப்பவே எறங்கியிருக்கணும்டா" என்றார்.

சித்தப்பா இன்ஜினை அணைத்தார். வேடியப்பனை வண்டியோடு விட்டுவிட்டு வீட்டுக்கு மூன்று பேரும் நடந்தே வந்தோம். அப்பா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவருடைய நொண்டலுக்குத் தகுந்தாற்போல அடி வைத்தார். வழியில் ஒருமுறை, "கால் எப்பிடி இருக்குது?" என்று கேட்டார். "நல்லாத்தான்ணா இருக்குது" என்றார் சித்தப்பா.

அதன் பிறகு மொட்டைக்காரைப் பற்றி அப்பா பேசவில்லை. ரோட்டில் போகும் வண்டிகளின் பெயரைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் பங்குனியில் இறந்துபோனார்.

புதுக்கார் சாக்குக்கு அடியில் பட்டறையின் பின்பக்கமே நின்றது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை கேட்டு வந்தார்கள், சித்தப்பா தரவில்லை. மழை விட்ட நாட்களில் சாக்கை விலக்கித் துடைப்பார். சாவியை மட்டும் தொட மாட்டார். ஒருநாள் வேடியப்பன், "அந்தப் பாட்டரியாவது கழட்டிக் குடுடா" என்றதற்கு, எடுத்துக்கொள் என்று கை காட்டினார்.

எண்பத்தொன்பது ஐப்பசியில் பம்பாயிலிருந்து என் பெயருக்கு ஒரு கவர் வந்தது. அனுப்பியவர் சேட்டின் மகன். பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன்:

"அப்பா காலமான பிறகு அவருடைய காகிதங்களில் உங்கள் பழைய கடிதத்தைப் பார்த்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். காருக்கு இப்போது புது ஜப்பான் இன்ஜின் வைத்துவிட்டோம். பழைய இன்ஜின் ஷெட்டில் சும்மா கிடக்கிறது. போன வாரம் ஓடவிட்டுப் பார்த்தோம், சத்தம் அப்படியே இருக்கிறது. இன்னும் தேவைப்பட்டால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்."