விதைச் சாமைச் சோறு

என் பெண்சாதி மாதம்மாள் சிரித்துப் பேச ஆரம்பித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பதினாறு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள். அத்தனை வருஷமும் அவள் வாயில் நாளைக்கு என்கிற ஒரே பேச்சுதான். கூழைக் குறைத்துக் குடி, நாளைக்கு வேணும். தேனைத் தொடாதே, திருவிழாவுக்கு இருக்கட்டும். அறுப்பு முடிந்ததும் நல்ல மணியாகப் பார்த்துச் சாமையைப் புடைத்து எடுத்து, மூங்கில் கூடையில் கொட்டி, கூடையின் வாயைச் சாணியால் மெழுகிவிடுவாள். அது விதை. ஆடியில் விதைக்கிற அன்றுதான் திறப்பாள். ஒரு வருஷம் மழை பொய்த்து மூன்று மாதம் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றோம். அப்போதும் அந்தக் கூடைப் பக்கம் என்னை அண்டவிடவில்லை. அப்பேர்ப்பட்ட அழுத்தக்காரி.

எழுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் எனக்கு இருமல் கண்டது. சளியில் ரத்தம் வந்தது. மலையிறங்கிப் போளூரில் டாக்டரிடம் காட்டி, மாசாமாசம் போய் மாத்திரை வாங்கித் தின்றேன். பங்குனிக்குள் புளியமரத்தில் ஏறி உலுக்குகிற அளவுக்குத் தேறிவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் இவள் மாறினாள்.

முதலில் தேன். திருவிழாவுக்கென்று கட்டி வைத்திருந்த குடுவையை ஒரு வெறும் செவ்வாய்க்கிழமையில் அவிழ்த்து என் களியின் மேல் ஊற்றினாள்.

"இன்னாடி, இன்னிக்கி இன்னா விசேசம்?"

"ஒன்னுமில்ல. துன்னுங்க."

அடுத்த வாரம், முட்டையிடுகிற கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். தட்டவேண்டிய புளி குவிந்து கிடக்க, அதை அப்படியே போட்டுவிட்டுப் பலாமரத்தடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேலை இல்லையா என்றேன். "காத்து நல்லா வருது. சும்மா குந்துங்க," என்றாள். கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வந்தாள். வழியெல்லாம் சிரிப்பு.

என் புத்தி வேறு பக்கம் போயிற்று. எங்கள் மலையில் ஒருத்திக்குப் புருஷன் வேண்டாமென்றால் ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டு வேறொருவனோடு போய்விடலாம். பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. போகப்போகிறவள் பாவம் ஒட்டாமலிருக்க என்னைக் கவனிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். தண்ணிக்குப் போனால் பின்னாலேயே போய் ஒளிந்து நின்று பார்த்தேன். ஒருவனும் அகப்படவில்லை. பலே கெட்டிக்காரி என்று இன்னும் ஆத்திரம் ஏறியது. அவளுடைய அண்ணன் வேடியப்பன் வந்திருந்தபோது இரண்டு பேரும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குசுகுசுத்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். "நல்லா துன்னு மாப்ள," என்று அவன் என் தோளைத் தட்டினான். பதினாறு வருஷத்தில் என் தோளைத் தொடாத மனுஷன் அவன். அதற்குப் பிறகு சோற்றை மோந்து பார்த்துத்தான் தின்றேன்.

ஆனி மாதம், தானியமெல்லாம் தீர்ந்து வீட்டில் கேழ்வரகு மட்டும் இருந்த நேரம். காட்டிலிருந்து வரும்போது உரலில் சாமை இடிக்கிற சத்தம் கேட்டது. உள்ளே ஓடிப்போய்க் கூடையைப் பார்த்தேன். வாயில் மெழுகிய சாணி உடைந்திருந்தது. அடியில் இரண்டு கை சாமை கிடந்தது.

விதையைத் தின்கிறவள் விதைப்புக்கு இருக்கப்போவதில்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அன்றைக்கே கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன்.

அம்மன் கோயில் எதிரில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வேடியப்பனும் வந்திருந்தான். ஊர்க் கவுண்டர் அருணகிரி என்னைப் பேசச் சொன்னார்.

"இவ எவனையோ பாத்து வச்சிக்கிறா. போவட்டும். யாருன்னு சொல்லிட்டுப் போவட்டும்," என்றேன். விதைக் கூடையை உடைத்ததையும் சொன்னேன். அவள் ஆமாம் என்றுவிட்டால் அந்த வீட்டுக்குள் தனியாக எப்படி நுழைவேன் என்கிற நினைப்பு அப்போதுதான் வந்தது.

"வெதைய ஏம்மா ஆக்கின?" என்று கேட்டார் அருணகிரி.

மாதம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தையில இவருக்கு ரத்தம் வந்தப்போ ஆத்தா தலையில பூ வச்சிக் கேட்டேங்க. ஆடிக்கு இவரு வெதைப்பாரான்னு. பூ எடப்பக்கம் வுழுந்துச்சி."

பூ வலப்பக்கம் விழுந்தால் நடக்கும், இடப்பக்கம் விழுந்தால் நடக்காது. எங்கள் மலையில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. டாக்டர் மாத்திரையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"ஆடிக்கு இல்லாம போறவருக்கு எதுக்கு மூடி வைக்கணும்? நல்ல சாமையா ஒரு வேள கூட நான் இவருக்குப் போட்டதில்ல," என்றாள். வேடியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அருணகிரி வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆத்தா சரியாத்தாம்மா சொல்லிக்கிறா. வெதைய நீ ஆக்கிப் போட்டுட்ட. அவன் எதை வெதைப்பான்?"

கூட்டமே சிரித்தது. மாதம்மாள் முதலில் திருதிருவென்று விழித்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் தலையைத் தூக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வேடியப்பன் இரண்டு மரக்கால் விதை கொண்டுவந்து போட்டான். ஆடியில் விதைத்தேன். கடைசிக் கைச் சாமை விழுகிற வரைக்கும் அவள் வரப்பில் நின்றே பார்த்தாள். நான் சாகவில்லை. அந்த அறுப்பிலிருந்து அவள் பழையபடி கூடையை மெழுக ஆரம்பித்துவிட்டாள்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. தேன் மறுபடியும் திருவிழாவுக்குத்தான். அன்றைக்குக் களியில் ஊற்றிய தேன் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. அவள் கையைக் கவனித்துக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பலாமரத்தடியில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான், எவன் வருகிறான் என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடையன்.

போன வாரம் அவள் விதைக்குச் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, வேண்டுமென்றே நாலு தரம் இருமினேன். முறம் நிற்கவில்லை.

"நடிக்காதீங்க. எழுந்து போய் வெறகு ஒடைங்க, நாளைக்கு வேணும்," என்றாள்.