பலகையில் கண்ட வெள்ளைப் படிவு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் சபை முன் நின்று பேசிப் பழகியவள் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன் என்பதால் எழுந்தேன்.

நல்லூருக்குப் பக்கத்தில், கணினிக்கான மின்சுற்றுப் பலகைகள் செய்யும் சிறிய நிறுவனத்தில் நான் பொறியியலாளர். பழுதான பலகையை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து, அதில் என்ன படிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. போன மாரியில் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. இணைப்புகளில் வெள்ளைப் படிவு இருந்தது. கல்சியம் என்று அறிக்கை கொடுத்தேன்.

மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். பலகைகளைக் கழுவும் பரமேஸ் அண்ணை நெற்றி நிறையத் திருநீறு பூசி வருகிறவர். தன் வீட்டுப் பசுவின் சாணத்தைச் சுட்டு அவரே எடுக்கும் நீறு. அதிலும் கல்சியம் உண்டு. "உவரின்ரை திருநீறுதான் கொட்டுப்பட்டிருக்கு" என்று சொல்லி, மாத முடிவோடு அவரை நிறுத்தத் தீர்மானித்தார்.

"வேதக்காரப் பிள்ளையின்ரை ரிப்போர்ட்தானே" என்று, நான் கிறிஸ்தவள் என்பதைக் குத்திச் சாப்பாட்டு அறையில் கதைத்தார்கள். அடுத்த நாள் அண்ணை வெறும் நெற்றியோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐம்பது தாண்டிய மனிதருக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள்?

ஆண்டவரே, என் கையால் ஒருவருடைய சோற்றில் மண் விழ விடாதேயும் என்று கெஞ்சினேன். பதில் இல்லை. பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில்கூட என்னால் வாய் திறக்க முடியவில்லை. தேவன் என்னைக் கைவிட்டார் என்றே நம்பினேன். வேலையை விடலாம் என்றும் நினைத்தேன். விட்டாலும் அண்ணையின் மேல் விழுந்த பழி போகாது.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி வைக்கப் போன என் கணவர் அடுப்படியிலிருந்து சொன்னார்: "இஞ்சை பாரும், கேத்திலிலை திரும்பவும் சுண்ணாம்பு பிடிச்சிட்டுது."

வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள் நான். அந்த வெள்ளையை எத்தனை தரம் சுரண்டியிருப்பேன். அன்றுதான் கண் திறந்தது: சுண்ணாம்பும் கல்சியம்தான், நாங்கள் பலகை கழுவுவதும் சுத்திகரித்த கிணற்றுத் தண்ணீரில்தான்.

காலையில் அண்ணையிடம் போனேன். "அண்ணை, உங்கடை திருநீறு கொஞ்சம் தாங்கோ. சோதிச்சுப் பார்க்கவேணும்."

மடியில் வைத்திருந்ததை எடுத்துக் கடதாசியில் மடித்துத் தந்தார்.

பலகையின் படிவையும், கழுவும் தொட்டியின் படிவையும், திருநீற்றையும் சோதித்தேன். திருநீற்றில் கல்சியத்தோடு பொற்றாசியமும் சிலிக்கனும் நிறைய இருந்தன. பலகையில் அவை இல்லை. தொட்டியில் இருந்த அதே சுண்ணாம்புதான் பலகையிலும். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைக் கழற்றினோம். உள்ளே வடிகட்டும் சவ்வு கிழிந்து, கிணற்றுத் தண்ணீர் அப்படியே வந்துகொண்டிருந்தது.

மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணையை நிறுத்தவும் இல்லை. பழுதான பலகைகளால் நிறுவனத்துக்கு வந்த கெட்ட பெயர் மாறவில்லை, அடுத்த வருடம் அந்த இடம் இருக்குமோ தெரியாது.

மறுநாள் அண்ணை திருநீற்றோடு வந்தார். "எனக்காகச் செபம் செய்தனீங்களோ, பிள்ளை?"

"ஓம் அண்ணை."

"நானும் உங்களுக்காகக் கந்தனிட்டைக் கேட்டனான். என்னாலை உங்கடை பேர் கெட்டுப்போகக் கூடாதெண்டு."

அங்கேயே அழுதுவிட்டேன். அவர் கந்தனிடம் கேட்டதைச் சபையில் மறைக்க எனக்கு மனமில்லை. இப்போது ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த அறிக்கையிலும் நான் கையெழுத்து வைப்பதில்லை. பதிலே வராத நாட்களில் இருக்கிறவர்களே, ஜெபத்தை விடாதேயுங்கள். நான் தனியாக நிற்கிறேன் என்று அழுத நாட்களில், என்னால் வேலை போகவிருந்த மனிதர் எனக்காக மன்றாடிக்கொண்டிருந்தார்.