கொல்லிமலைப் பளிங்கின் நுனி

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில் அம்மா செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மலை மலையாக ஏறி நான் சேர்த்த பளிங்குக் கற்களையெல்லாம் அலமாரியிலிருந்து வழித்து, ஒரு அரிசிச் சாக்கில் கொட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

“மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பார்த்தா என்ன சாமி நெனைப்பாங்க? புள்ளைக்குக் கிறுக்குன்னு போயிருவாங்க.”

போகட்டுமே என்றுதான் இருந்தது. என் கற்களுக்கு இடம் கொடுக்காத வீட்டில் கால் வைப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். முன்பு வந்த இரண்டு பேரும், “கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் எதுக்குங்க?” என்று சிரித்தவர்கள்.

இவர் திருச்செங்கோட்டுப் பக்கம். போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறாராம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் முழுசாகக் கிடைக்காதா என்று தேடுகிற கல்லைப் பூமிக்கடியில் மாவாக்குவதே இவர் பிழைப்பு. நல்ல பொருத்தம்தான்!

தனியாகப் பேசச் சொல்லி உள்ளே அனுப்பினார்கள். “லீவு நாள்ல என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டார். இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று சாக்கை இழுத்து அவர் முன்னால் அவிழ்த்தேன்.

மேலேயே கிடந்தது கொல்லிமலைப் பளிங்கு. அங்கே ஒரு தோட்டத்துக்காரர் கிணறு வெட்டிய மண்மேட்டைக் கிளறிக்கொள்ள விட்டதில் கிடைத்தது. ஒரு சாண் நீளம், ஆறு பட்டை, லேசான புகை நிறம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கியிருக்கிறேன். இப்போது அதன் நுனி இல்லை.

நுனி போனால் பளிங்கே போன மாதிரி. முன்பின் தெரியாதவர் முன்னால் அழக் கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை.

அவர் அந்தப் பளிங்கைக் குனிந்து பார்த்தார். “எங்க பக்கம் இது வெங்கச்சாங்கல்லுங்க. போர் போடறப்ப, தொளைக்கிற பிட்டையே தேய்ச்சுத் தீர்த்துப்போடும்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கற்களை ஒவ்வொன்றாக, நுனியைத் தொடாமல் அடியைப் பிடித்து எடுத்து மெத்தைமேல் வைத்தார். சாக்கில் மிஞ்சிய தூளைச் செய்தித்தாளில் கொட்டி விரலால் துழாவினார். வெளியே பெரியவர்கள் இரண்டு முறை இருமினார்கள். அம்மா எட்டிப் பார்த்து, “பஜ்ஜி ஆறுதுங்க” என்றார். அவர் நிமிரவே இல்லை.

கடைசியில் கடலைப்பருப்பு அளவில் ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

“இதானுங்களா பாருங்க.”

பொருத்திப் பார்த்தேன். அதேதான்.

“ஒட்டுனாலும் கோடு தெரியுமுங்க,” என்றார். “ஆனா எங்க ஊட்டுல இதையெல்லாம் சாக்குல போட உடமாட்டேன்.”

நாலு நாள் கழித்துப் போனில் பதில் சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நான் கதவைத் திறந்து, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்க, “எனக்குச் சம்மதமுங்க” என்றேன்.